வீட்டிலேயே கேமரா சென்சாரைச் சுத்தம் செய்வது: துடைப்பது கடைசி வேலை

கோபுரத்துக்குப் பின்னால் விரிந்த நீல வானத்தில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. அடுத்த படத்தில் கடல். அதே இடத்தில் அதே புள்ளி. லென்ஸை மாற்றிப் போட்டு எடுத்தாலும் அது நகரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், தூசு சென்சார் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரோ, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸோ, லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் இது ஒருநாள் வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவசரப்பட்டால் செலவு வைத்துவிடும்.

சென்சாரைத் துடைப்பதுதான் இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் பார்ப்பது, யோசிப்பது, ஊதுவது என்று சில படிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தப் படிகளிலேயே வேலை முடிந்துவிடும். இணையத்தில் ஸ்வாப் (சென்சார் துடைக்கும் பட்டை) விற்கிறார்கள் என்பதற்காக நேரே அதை வாங்கித் தேய்க்க ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும்.

நாம் தொடப்போவது எதை?

சென்சாரைத் துடைக்கிறோம் என்று சொன்னாலும், ஒளியை வாங்கும் சிலிக்கான் சில்லை நாம் தொடுவதே இல்லை. அதன் மேல் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி, சில கேமராக்களில் அத்துடன் படத்தில் அலைக்கோடு விழாமல் தடுக்கும் லோ-பாஸ் வடிகட்டி, மேலே மெல்லிய பூச்சு. தூசு விழுவதும் நாம் துடைப்பதும் இந்தக் கண்ணாடியின் மேல்தான். கண்ணாடிதானே என்று அழுத்தித் தேய்த்துவிடக் கூடாது. அதன் மேலிருக்கும் பூச்சு உரிந்தால் திரும்ப ஒட்ட வழியில்லை. முழு அடுக்கையோ, சில கேமராக்களில் சென்சார் பகுதி மொத்தத்தையுமோ மாற்ற வேண்டிவரும்.

அந்தக் கண்ணாடிக்கும் சில்லுக்கும் நடுவே சிறிய இடைவெளி உண்டு. சிலருக்கு எல்லாப் படத்திலும் புள்ளி தெரிவதும், சிலருக்குத் தெரியாமலே போவதும் இதனால்தான். லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) அகலமாகத் திறந்து எஃப்/2.8இல் எடுக்கும்போது ஒளி அகலமான கூம்பாக எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. தூசின் நிழல் கலைந்து கரைந்துவிடுகிறது. துளையைச் சுருக்கி எஃப்/16இல் எடுக்கும்போது அந்தக் கூம்பு ஒடுங்கிவிடுவதால் நிழல் கூர்மையாக விழுகிறது. அதனால் திருமண மண்டபத்தில் எஃப்/2இலும் 2.8இலும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு சென்சார் நிறையத் தூசு இருந்தாலும் வாடிக்கையாளர் கண்ணில் படாது. நிலக்காட்சி, கட்டடம், மேக்ரோ எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

முதலில் சோதனைப் படம்

கேமராவை ஏ அல்லது ஏவி மோடில் (அபெர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் மோடு) வையுங்கள். ஐஎஸ்ஓ 100. அபெர்ச்சர் எஃப்/16, இருந்தால் எஃப்/22. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிடுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கம்ப்யூட்டர் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அருகில் போய், அது மட்டும் சட்டம் முழுக்க நிறையும்படி எடுங்கள். வெள்ளைத் தாளும் போதும், மேகமில்லாத வானமும் போதும். திரையோ தாளோ என்றால் ஷட்டர் சற்று நேரம் திறந்திருக்கும்; அந்த நேரத்தில் கேமராவை லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். எதிரில் இருப்பது முழுக்கக் கலங்கிப்போய், சென்சார் மேல் இருப்பது மட்டும் அசையாமல் பதியும்.

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து கான்ட்ராஸ்ட்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். வட்டமான, ஓரம் மங்கிய சாம்பல் புள்ளி என்றால் சாதாரணத் தூசு. வளைந்து நெளிந்த கோடு துணி நார். நடுவில் வெளிச்சமும் சுற்றிக் கருவளையமுமாக இருந்தால் அது எண்ணெய்த் துளியாகவோ காய்ந்த நீர்த்துளியாகவோ இருக்கலாம், ஊதினால் போகாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சென்று ஒரே ஒரு பிக்சல் மின்னினால் அது தூசே இல்லை. ஹாட் பிக்சல், சென்சாரிலேயே உள்ள கோளாறு. எத்தனை ஸ்வாப் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வ்யூஃபைண்டரில் தெரியும் தூசு படத்தில் வராது. அது லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியிலோ (மிரர்), அதற்கு மேலே இருக்கும் ஃபோகஸிங் ஸ்க்ரீனிலோ இருக்கிறது. அந்த இரண்டையும் தொடாதீர்கள். அந்தக் கண்ணாடிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பின்னால் ரசம் பூசுவதில்லை. பிரதிபலிக்கும் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும். ஒருமுறை துடைத்தாலே கீறல் விழலாம்.

இன்னொன்று, படத்தில் தெரியும் இடம் சென்சாரில் எங்கே என்பது. கேமராவை நிமிர்த்தி, லென்ஸ் மாட்டும் வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டால், மேல் கீழ் மட்டும் மாறும். இடது வலது மாறாது. படத்தின் இடது மேல் மூலையில் இருக்கும் புள்ளியைச் சென்சாரில் உங்கள் இடது கீழ் மூலையில் தேட வேண்டும். கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது குழம்பும். ஒரு துண்டுத் தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துடைக்கத்தான் வேண்டுமா?

எஃப்/22இல் வெள்ளைத் திரையை எடுத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தால் கடையிலிருந்து நேற்று வாங்கிவந்த கேமராவிலும் ஏதாவது தெரியும். அதைப் பார்த்துக் கலங்கிப்போய் ஒவ்வொரு புள்ளியையும் விரட்டப் போனால் முடிவே இல்லை. நான் சொல்லும் அளவுகோல் எளிது. நீங்கள் வழக்கமாக எந்த அபெர்ச்சரில் எடுக்கிறீர்களோ, அதில் இன்னொரு சோதனைப் படம் எடுங்கள். எஃப்/8இல் ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் எஃப்/8ஐத் தாண்டுவதே இல்லை என்றால் கேமராவை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இரண்டு மூன்று புள்ளிதான் என்றால் மென்பொருளிலேயே எடுத்துவிடலாம். லைட்ரூமில் ஒரு படத்தில் புள்ளியை நீக்கிவிட்டு, அதே திருத்தத்தை அன்றைக்கு எடுத்த மற்ற படங்களுக்கும் ஒரே சொடுக்கில் போட முடியும். புள்ளி இடம் மாறுவதில்லை என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். கேனான் டிஎஸ்எல்ஆர்களில் டஸ்ட் டிலீட் டேட்டா என்றும், நிக்கானில் இமேஜ் டஸ்ட் ஆஃப் என்றும் இதற்கென்றே வசதிகள் உண்டு. பயணத்தின் நடுவே இருக்கிறீர்களா? அறையில் உட்கார்ந்து ஸ்வாப் போடுவதைவிட இதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், கேமராவிலேயே இருக்கும் தானியங்கிச் சுத்தம். சென்சார் முன்னால் இருக்கும் கண்ணாடியை மிக வேகமாக அதிரச் செய்து தூசை உதிர்ப்பது. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1இல்தான் இது முதலில் வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மெனுவில் க்ளீன் நௌ என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். கேமராவை மேசையில் நேராக உட்காரவைத்து நான்கைந்து முறை ஓட்டிவிட்டு மறுபடி சோதனைப் படம் எடுங்கள். காய்ந்த தூசு நிறையவே போய்விடும். ஒட்டிக்கொண்டது போகாது.

வாங்க வேண்டியதும் தொடக் கூடாததும்

முதலில் ஒரு நல்ல ப்ளோயர். கையில் அமுக்கி ஊதும் ரப்பர் குமிழ். பெரியதாக வாங்குங்கள், விரல் அளவு ப்ளோயரில் காற்றே வராது. காற்று உள்ளே போகும் வால்வு பின்பக்கம் தனியாக இருந்தால் நல்லது, ஊதிய தூசையே மறுபடி உறிஞ்சாது. ஜியோட்டோஸ் ராக்கெட் இந்த வகையில் பேர்போனது. உங்களுக்கு இது ஒன்று மட்டும் போதுமானதாகவே இருக்கலாம்.

ஈரத் துடைப்புக்கு ஸ்வாப்பும் திரவமும் வேண்டும். ஸ்வாப் என்பது நுனியில் நார் உதிராத துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டை. தனித்தனி உறையில் வரும். அதன் அகலம் உங்கள் சென்சாரின் குட்டைப் பக்கத்துக்குப் பொருந்த வேண்டும். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் 36க்கு 24 மி.மீ., அதற்கு 24 மி.மீ. ஸ்வாப். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி நிக்கானிலும் சோனியிலும் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ., கேனானில் கொஞ்சம் சிறியது. இரண்டுக்கும் ஏபிஎஸ்-சி என்றே எழுதி விற்கும் 16 மி.மீ. ஸ்வாப்தான். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ., அதற்கென்று தனி அளவு கிடைக்கிறது. விஎஸ்ஜிஓ, கே அண்ட் எஃப் கான்செப்ட் ஆகிய நிறுவனங்கள் ஸ்வாப்போடு சிறு புட்டியில் திரவமும் சேர்த்து விற்கின்றன. நெடுநாளாகப் பலர் பயன்படுத்தும் எக்லிப்ஸ் என்ற திரவம் அடிப்படையில் சுத்தமான மெத்தனால். நொடியில் காய்ந்துவிடும், தடம் விடாது. ஆனால் அது விஷம், தீப்பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் வைக்காதீர்கள், குழந்தை கைக்கு எட்ட வைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள்.

வெளிச்சத்துக்கு மொபைல் டார்ச் போதும். சென்சாரைப் பெரிதாக்கிப் பார்க்கும் லூப் ஒன்று இருந்தால் வசதி, இல்லாவிட்டால் குறையில்லை.

இனி தொடக் கூடாதவை. வாயால் ஊதுவது முதல் இடம் பிடிக்கும். எச்சில் தெறிக்கும், தூசைத் துடைப்பதைவிட அதைத் துடைப்பது கடினம். அடுத்தது கேனில் வரும் அழுத்தக் காற்று. சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே பாய்ந்து சென்சாரில் படியும். பங்க்சர் கடை கம்ப்ரசரையும் கீபோர்டு துடைக்கிற எலெக்ட்ரிக் ப்ளோயரையும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். காது குடையும் பட்ஸ் பஞ்சு நாரை விடும். மருந்துக்கடை ஸ்பிரிட், சானிடைசர், மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம், வீட்டு ஜன்னலுக்குத் தெளிக்கும் நீலத் தண்ணீர் எல்லாவற்றிலும் தண்ணீரோ வாசனையோ வேறு ஏதாவதோ கலந்திருக்கும். காய்ந்ததும் படலமாக நிற்கும். லென்ஸ் துடைக்கும் துணி லென்ஸுக்கு மட்டும்.

பசை நுனி வைத்த ஜெல் ஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. ஒற்றி ஒற்றித் தூசை எடுப்பது. தேர்ந்த கைகளில் நன்றாகவே வேலை செய்யும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போலிப் பொருள் ஏதாவது மாட்டினால் பசை சென்சாரிலேயே தங்கிவிடும்.

இடம், நேரம், உடுப்பு

நம் ஊர் வீட்டில் தூசில்லாத அறை கிடைப்பது லேசில்லை. இருப்பதில் நல்ல இடம் குளியலறை என்றால் சிரிப்பீர்கள். வெந்நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆவி அடங்கித் தரை ஈரமாக இருக்கும்போது காற்றில் மிதக்கும் தூசு பெரும்பாலும் படிந்திருக்கும். ஆவி முழுக்க அடங்கிய பிறகு போங்கள், அதற்கு முன்னால் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். அது தோதுப்படாவிட்டால் ஜன்னல் பக்கம் ஒரு மேசை, ஈரத்துணியால் துடைத்தது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தி ஒரு கால் மணி நேரமாவது ஆகட்டும். விசிறியின் இறக்கையில் இருப்பது முழுக்கக் கீழே இறங்கும். மழை பெய்து ஓய்ந்த காலை நேரம் அருமை. ஆடிக் காற்று அடிக்கும் கம்பம், தென்காசிப் பக்கத்து மாலைகள் இதற்கு ஆகாது. வீட்டில் சாம்பிராணி போட்ட நாளிலும் வேண்டாம்.

புதுத் துண்டு, புது வேட்டி, கம்பளி எல்லாம் நார் உதிர்ப்பவை. சட்டைக் கையை மடித்துவிடுங்கள். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு குனிய வேண்டாம். கையைக் கழுவித் துடைத்து, காய்ந்த பின் உட்காருங்கள்.

பேட்டரியை முழுக்க ஏற்றிவிடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியைத் தூக்கி ஷட்டரைத் திறந்து பிடித்திருப்பது மின்சாரம்தான். நடுவில் பேட்டரி இறங்கினால் ஸ்வாப் உள்ளே இருக்கும்போதே ஷட்டர் மூடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் சார்ஜ் குறைவாக இருந்தால் கண்ணாடியைத் தூக்கும் மெனுவே மங்கிப்போய்த் தேர்வு செய்ய முடியாது. அவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். இதே காரணத்தால் பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில், அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யும் யோசனையைக் கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விரல் ஒருமுறை நழுவினால் ஷட்டர் இதழ் போச்சு.

ஊதுவது

கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றும் முன்னால், வெளியே மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) சுற்றி இருக்கும் தூசை ஊதித் துடையுங்கள். உள்ளே விழக் காத்திருப்பது அதுதான். ப்ளோயரைக் கேமராவிலிருந்து தள்ளிப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அமுக்குங்கள். புது ப்ளோயர் சிலவற்றின் உள்ளே மெல்லிய பவுடர் இருக்கும். பையில் கிடந்த ப்ளோயரின் உள்ளே பையின் தூசு இருக்கும். ப்ளோயரின் மூக்கு இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஊதும்போது அது கழன்று சென்சாரில் விழுந்தால் பிறகு தூசு ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

இப்போது லென்ஸைக் கழற்றுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி இறங்கியிருக்கும்போதே உள்ளறையை ஒருமுறை ஊதிவிடுங்கள், மெதுவாக. அதைச் செய்யாமல் கண்ணாடியைத் தூக்கினால் உள்ளறைத் தூசு சென்சாருக்கு இடம் மாறும். பிறகு மெனு. கேனானில் க்ளீன் மேனுவலி, நிக்கான் டிஎஸ்எல்ஆரில் லாக் மிரர் அப் ஃபார் க்ளீனிங், சோனியில் க்ளீனிங் மோட் அல்லது சென்சார் க்ளீனிங். பெயர் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினாலே சென்சார் கண்ணெதிரே நிற்கும். சில மாடல்களில் அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். கேனான் ஈஓஎஸ் ஆர் 2018இல் வந்தபோது அதைப் பெரிய வசதியாகப் பேசினார்கள். தூசைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இதழ்கள் மிக மெல்லியவை, சென்சாரை விடச் சீக்கிரம் சேதமாகும். மூடிய ஷட்டர் மேல் பலமாக ஊதாதீர்கள், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, தனியாக ஒரு காப்புத் திரை உண்டு. அதுவும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊத வேண்டும்.

கேமராவின் வாய் தரையைப் பார்க்கட்டும். ஒரு கையில் தலைக்கு மேலோ முக்காலியிலோ கவிழ்த்துப் பிடித்து, கீழேயிருந்து ப்ளோயரை நீட்டி ஊதுங்கள். மூக்கு மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. சென்சாரின் நடுவை மட்டும் அல்லாமல் நான்கு ஓரங்களுக்கும் சாய்வாகக் காற்று போகட்டும். பத்துப் பன்னிரண்டு முறை பலமாக. அவ்வளவுதான். கவிழ்த்த நிலையிலேயே கேமராவை அணைத்து லென்ஸை மாட்டுங்கள். மாட்டும் முன் லென்ஸின் பின்பக்கத்தையும் பின்மூடியையும் ஊத மறக்காதீர்கள். பின்மூடியில் சேரும் தூசு நேரே உள்ளேதான் போகும்.

மறுபடி சோதனைப் படம். முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில புள்ளி போயிருக்கும், சில இடம் மாறியிருக்கும். இடம் மாறுகிறது என்றால் அது ஒட்டவில்லை. இன்னொரு முறை ஊதினால் போகும். இரண்டு மூன்று சுற்று ஊதிய பிறகும் அதே இடத்தில் அசையாமல் இருப்பதுதான் துடைக்க வேண்டியது. பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஈரத் துடைப்பு

ஊதாமல் நேரடியாகத் துடைக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மணல். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடியை விடக் கடினமானது. தனுஷ்கோடிக் காற்றில் லென்ஸ் மாற்றி உள்ளே ஒரு துகள் போயிருந்து, அதன் மேல் ஈர ஸ்வாப்பை வைத்து இழுத்தால் சென்சாரின் குறுக்கே ஒரு கீறல் நிச்சயம். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, மணல் மாதிரி எதுவும் மின்னவில்லை என்று பார்த்த பிறகே ஸ்வாப் உறையைக் கிழியுங்கள்.

கேமராவை மேசையில் வாய் மேலே பார்க்கும்படி படுக்கவையுங்கள். க்ளீனிங் மெனு மறுபடி போட்டாகிவிட்டதா? சரி. ஸ்வாப்பின் நுனியை விரலால் தொடக் கூடாது. நுனி விளிம்பில் இரண்டு சொட்டு திரவம், ஃபுல் ஃப்ரேம் என்றால் மூன்று. சொட்டியதும் ஐந்தாறு வினாடி காத்திருங்கள், துணி முழுக்கப் பரவட்டும். நுனியில் துளியாகத் தொங்கினால் அதிகம். அந்த ஸ்வாப்பை ஒதுக்கி வையுங்கள், மவுண்ட் துடைக்க ஆகும். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான்: திரவம் கூடினால் ஓரத்தில் தேங்கி, சென்சார் சட்டத்துக்கு அடியில் இறங்கி, காய்ந்ததும் கறையாக நிற்கும்.

ஸ்வாப்பைச் சென்சாரின் ஒரு பக்க ஓரத்தில் வைத்து, போகும் திசைக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக மறு ஓரம்வரை இழுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, தூக்கக் கூடாது. கைக்குழந்தையின் கண்ணுக்கு மை இடும் அழுத்தம் போதும். பட்டை மிக லேசாக வளைந்தால் சரி. மறு ஓரம் வந்ததும் ஸ்வாப்பைத் தூக்கித் திருப்பி, துடைக்காத மறுபக்கத்தால் அதே வழியில் திரும்பி வாருங்கள். அதோடு அந்த ஸ்வாப்பின் ஆயுள் முடிந்தது. விலை பார்த்து அதையே மறுபடி போட்டால், எடுத்த அழுக்கை நீங்களே திருப்பிப் பூசுகிறீர்கள்.

கை ஆடினாலும் படம் கலங்காமல் காக்கும் ஸ்டெபிலைசேஷன் பாடிக்குள்ளேயே இருக்கும் கேமராவில் சென்சார் ஒரு மிதக்கும் தட்டில் இருக்கும். ஸ்வாப்போடு அது கொஞ்சம் நகர்ந்தாலோ, கேமராவைத் தூக்கும்போது உள்ளே லேசாக ஆடும் சத்தம் கேட்டாலோ திடுக்கிட வேண்டாம், இயல்புதான். நகர்கிறதே என்று எதிர்த்து அழுத்துவதுதான் ஆபத்து. விரலால் தட்டைப் பிடித்து நிறுத்தவும் முயலாதீர்கள்.

மெத்தனால் என்றால் சில வினாடியில் காய்ந்துவிடும். தண்ணீர் சார்ந்த திரவம் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும். காய்ந்ததும் கேமராவை அணைத்து, லென்ஸை மாட்டி, சோதனைப் படம்.

கோடு, படலம், திரும்பி வரும் புள்ளி

முதல்முறை துடைத்ததும் முன்பைவிட மோசமாகத் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் என்றால் ஸ்வாப் அங்கே சேர்த்து விட்டுப்போன அழுக்கு. இன்னொரு புது ஸ்வாப்பை எதிர்த் திசையிலிருந்து தொடங்குங்கள். நீண்ட மங்கலான கோடு என்றால் திரவம் கூடிவிட்டது. அடுத்த ஸ்வாப்பில் ஒரு சொட்டு குறைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் ஒரு இழுப்பு போதும். நடுவில் பிடிவாதமாக ஒரு புள்ளி நின்றால் அதன் மேல் மட்டும் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை முழு இழுப்பு மட்டும்தான்.

மூன்று ஸ்வாப்போடு நிறுத்திவிடுங்கள் என்பது என் கணக்கு. மூன்றிலும் போகாதது வீட்டில் போகிற ரகமில்லை. எஃப்/22இல் ஒன்றிரண்டு மங்கல் புள்ளி பாக்கி இருக்கிறது, எஃப்/11இல் தெரியவில்லை என்றால் அதுவே நல்ல முடிவு.

துடைத்துச் சில நாளில் அதே மூலையில் திரும்பத் திரும்பப் புள்ளி வந்தால் சந்தேகம் கேமராவின் மேலேயே திரும்ப வேண்டும். ஷட்டர் இயங்கும்போது உராய்வுப் பொடியோ மசகு எண்ணெயோ தெறிப்பதுண்டு. 2012இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பேர்போனது. படத்தின் இடது மேல் பகுதியில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருப்பதாக உலகெங்கும் புகார் கிளம்பி, அடுத்த ஆண்டே டி610 வந்தது. 2014இல் டி600 ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் டி600ஐக் கண்டால் சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தூசு உள்ளே போகாமல் இருக்க

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைப்பது, வாயைக் கீழே பார்க்கப் பிடிப்பது, மாட்ட வேண்டிய லென்ஸைப் பின்மூடி தளர்த்தித் தயாராக வைத்திருப்பது: இந்த மூன்றும் பழகிவிட்டால் துடைக்கும் வேலை பாதி குறையும். அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதியிலோ தேர் இழுக்கும் தெருவிலோ லென்ஸ் மாற்றவே வேண்டாம். ஒரு ஜூமை மாட்டிக்கொண்டு போங்கள். ஹோமப் புகை, விபூதி, தூவும் மஞ்சள் அரிசி எல்லாமே உள்ளே போகக் கூடியவை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காருக்குள்ளோ, கேமராப் பைக்குள்ளே கையை விட்டோ மாற்றுங்கள். பையின் உள்பக்கத்தை அவ்வப்போது வாக்குவம் போடுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தூசோடு ஈரமும் சேர்கிறது. ஈரத்தில் தூசு ஒட்டிக்கொள்ளும், ப்ளோயருக்கு அசையாது. லென்ஸில் பூஞ்சையும் வரும். ட்ரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இருந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். இல்லாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மறுபடி போட வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸைக் கழற்றாதீர்கள். குளிர்ந்த சென்சார் மேல் வெளிக் காற்றின் ஈரம் பனிக்கும், காய்ந்ததும் தடம் நிற்கும்.

எப்போது சர்வீஸ் சென்டர்?

கீறல் தெரிகிறது, எண்ணெய் மாதிரிப் படலம் பரவியிருக்கிறது, கடல் நீர் தெறித்திருக்கிறது, கண்ணாடிக்கு அடியில் ஏதோ இருக்கிறது: இவற்றில் எதுவானாலும் நேரே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான். வாரன்ட்டி காலத்தில் இருப்பவர்களும் முதலில் அங்கே கேட்டுவிடுவது நல்லது; வீட்டில் துடைத்ததால் வந்த சேதத்துக்கு வாரன்ட்டி கிடைக்காது. கை நடுங்குகிறவர்களும், மறுநாள் காலையில் முகூர்த்தம் எடுக்கப் போகிறவர்களும் இன்று இரவு ஸ்வாப் பக்கம் போக வேண்டாம்.

கொடுக்கும்போது பாடியை மட்டும் மூடி போட்டுக் கொடுங்கள். லென்ஸ், வார், மெமரி கார்டு வேண்டியதில்லை. பேட்டரி கேட்டால் தரலாம். எஃப்/16இல் எடுத்த சோதனைப் படத்தை மொபைலில் காட்டி, எந்த மூலையில் என்று சுட்டிக்காட்டுங்கள். கவுன்ட்டரில் எழுதும் சீட்டிலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் லென்ஸைக் கையோடு கொண்டுபோய், கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அங்கேயே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எஃப்/16இல் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.